கோடை வாசிப்புக்கு ஒரு சின்ன வழி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஜூன் மாதம் விடுமுறை விடும்போதே ஆங்கில வகுப்புக்கான நாவல் பட்டியலையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அதைப் பையிலேயே வைத்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில்தான் தேடும்!

தடிமனான நாவலைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை என்றால், பட்டியலில் வசன கவிதையில் எழுதிய நாவல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) அப்படிப்பட்டது. கதையின் பெரும்பகுதி ஒரு லிஃப்ட் கீழே இறங்கும் ஒரு நிமிடத்துக்குள் நடக்கிறது. பக்கத்துக்குச் சில வரிகள்தான், ஒரே மாலையில் முடிக்கலாம். துப்பாக்கி, பழிவாங்கல் எல்லாம் வரும். அதனால் முதலில் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெரிய நாவல்தான் படித்தாக வேண்டுமா? சரி, நாளுக்கு 20 பக்கம். 300 பக்கம் 15 நாளில் முடிந்துவிடும். ஆனால் ஜூனிலேயே முடித்தால் பள்ளி திறக்கும்போது பாத்திரங்களின் பெயர்கூட நினைவிருக்காது. ஜூலை கடைசியில் தொடங்கச் சொல்லுங்கள். நூலக அட்டை இருந்தால் 'லிபி' செயலியில் ஒலிப்புத்தகம் இலவசம். காதில் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டினால் தடுமாற்றம் குறையும்.