அரசியலமைப்புத் திருத்தம்: எதில் மூன்றிலிரண்டு?

வன்னியில் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவரிடம், அரசியலமைப்பைத் திருத்த எத்தனை வாக்குகள் வேண்டும் என்று கேட்டால் 'மூன்றிலிரண்டு' என்ற விடை உடனே வரும். எதில் மூன்றிலிரண்டு என்று கேட்கும்போதுதான் தடுமாறுவார்கள். சமுகமளித்து வாக்களித்தோரில் மூன்றிலிரண்டு என்பது இந்திய விதி (அங்கும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும் என்ற நிபந்தனை உண்டு). தமிழகத்து நூல்களையும் தொலைக்காட்சியையும் பார்த்துப் பழகிய நமக்கு அது இலகுவில் கலந்துவிடுகிறது. இலங்கை அரசியலமைப்பின் 82ஆம் உறுப்புரையோ, வராதவர்களையும் சேர்த்து முழு உறுப்பினர் தொகையில் மூன்றிலிரண்டைக் கேட்கிறது. 225 பேரில் அது 150. ஆகவே வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களும் (கிளிநொச்சி வாக்காளர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்குவர்) வாக்கெடுப்பின்போது வெளியே போய் நின்று நடுநிலை என்று அறிக்கை விட்டாலும், கணக்கில் அது எதிர்த்து வாக்களித்ததற்குச் சமமே. 2022 ஒக்டோபர் 21இல் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றின் இரண்டாம் மதிப்பீட்டு வாக்கெடுப்பில் 179 பேர் ஆதரித்து, ஒருவர் மட்டும் எதிர்த்தார். வாக்களித்தோரை மட்டும் எண்ணுவதாயின் 120 வாக்குகளே போதுமாக இருந்திருக்கும்.

அந்தத் திருத்தத்தின் எண்ணையும் பலர் பிழையாக எழுதுகிறார்கள். சட்டமூலமாக வந்தபோது அது 22ஆவது, நிறைவேறியபின் 21ஆவது.

ஒவ்வொரு திருத்தமும் சர்வசன வாக்கெடுப்புக்குப் போகும் என்பதும் தவறு. ஒற்றையாட்சி, மக்கள் இறைமை, பௌத்த மதத்துக்குரிய இடம் போன்ற, 83ஆம் உறுப்புரை பெயர் குறிப்பிட்ட ஏற்பாடுகளைத் தொட்டாலோ, சனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டினாலோதான் அது கட்டாயம். 1982 டிசம்பர் 22இல் பாராளுமன்றக் காலத்தை நீட்ட நடந்ததே இதுவரை நாடு கண்ட ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு. திருத்தச் சட்டமூலம் என்று தலைப்பிலேயே கூறும் ஒன்றைப் பற்றி உயர் நீதிமன்றம் ஆராய்வதும் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்ற கேள்வியை மட்டுமே. சபாநாயகர் சான்றுரைத்த பின் வழக்குப் போட்டுத் தடுக்கலாம் என்று நம்புவது வீண்.

நமக்கு மிக நெருக்கமான தவறு மாகாண சபைகள் பற்றியது. மாகாண சபை அத்தியாயத்தைத் திருத்தும் சட்டமூலத்தை, பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கும் முன் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் அது தடுப்பதிகாரம் அன்று: எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரண பெரும்பான்மை போதும், ஒன்று மறுத்தாலும் மூன்றிலிரண்டு இருந்தால் நிறைவேற்றலாம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து இன்னும் தேர்தல் நடக்காத நிலையில், ஆளுநரின் ஒப்புதலையே சபையின் கருத்தாகக் கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வாழ்வாதார மேம்பாட்டுக்கான சாதாரண சட்டமூலமான திவிநெகும தொடர்பில், வடக்கில் சபையே அமைந்திராத 2012இல், உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.