மும்பை ஈரத்தில் ‘சூப்பர்மேன்’ 75-ஆம் இதழைக் காப்பாற்றுவது

சூப்பர்மேன் சண்டையிட்டு இறந்துபோகும் அமெரிக்க காமிக்ஸ் இதழ், 1992 நவம்பரில் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ 75 (அட்டையில் 1993 ஜனவரி), மாட்டுங்கா நடைபாதையிலோ ஃபோர்ட் பக்கமோ கிடைத்தால், முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கிழிந்த சிவப்பு அங்கி அட்டையில் இருந்தால் சாதாரணப் பதிப்பு. கல்லறைக் கல் அட்டையோடு கறுப்பு உறைக்குள் வந்தது சேகரிப்போருக்கானது. துக்கத்துக்கான கறுப்புக் கைப்பட்டை, போஸ்டர், இரங்கல் செய்தி, தபால்தலைத் தாள், கார்டு எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். லட்சக்கணக்கில் விற்ற இதழ், விலை ஏறும் என்று வாங்காதீர்கள். பக்கத்துக்கு ஒரே ஓவியம் என்று எழுத்தாளரும் ஓவியருமான டான் ஜூர்கன்ஸ் அமைத்த அந்தக் கடைசிச் சண்டைக்காக வாங்குங்கள்.

வாங்குமுன் நடுப்பக்கத்தைப் பிரித்து ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்கள். துரு காகிதத்தில் இறங்கியிருந்தால் அந்தக் கறை போகாது.

வீட்டுக்கு வந்ததும் உறையில் போட்டுவிடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை காகிதம் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். அப்படியே மூடினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ஏசி அறையில் இரண்டு நாள் கிடத்துங்கள், வெயிலில் வேண்டாம், நிறம் மங்கும். ஏசி இல்லையென்றால் டிசம்பர் வரை திறந்த அலமாரியிலேயே இருக்கட்டும்.

உறை பாலிப்ராப்பிலீனாக இருக்கட்டும், 6⅞ x 10½ அங்குலம். மழைக்கோட்டு வாசம் வந்தால் அது பிவிசி, மையை இழுத்துக்கொள்ளும். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. செல்லோ டேப்பை உறையின் பின்பக்கம் ஒட்டுங்கள். இதழை வெளியே எடுக்கும்போது டேப்பை முழுக்க உரித்துவிடுங்கள். உறையின் மடிப்பில் தொங்கவிட்டால் இதழின் அட்டையில் ஒட்டி அதைப் பிய்த்துக்கொண்டு வரும்.

பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது; ஆரஞ்சு வாங்கி, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் ஓதம் ஏறும், நாலு விரல் இடைவெளி விடுங்கள். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி அங்கேதான் வரும்.

தரைத்தள வீடு என்றால் பெட்டி இடுப்புயரத்துக்கு மேலே இருக்கட்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. நனைந்துவிட்டால் காயும்வரை காத்திருக்காதீர்கள். வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஈரமாக இருக்கும்போதே இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, மணிக்கொருமுறை மாற்றி, மின்விசிறிக் காற்றில் ஆற விடுங்கள்.