மழையிலும் குளிரிலும் ஹேமக்கில் தூங்க

இரு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக்கில் குளிர் முதலில் முதுகைத்தான் பிடிக்கும். உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் உடல் எடையில் நசுங்கி, அதில் தங்கும் காற்று போய்விடுகிறது. அதனால் கூடுதல் போர்வையை உள்ளே விரிக்காமல், ஹேமக்கின் அடியில் வெளிப்புறமாக இரு முனையிலும் எலாஸ்டிக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். துணியை ஒட்டி இருக்க வேண்டும், நசுங்கக் கூடாது. இடைவெளி விட்டால் காற்று புகுந்து சூடு போய்விடும். அப்படித் தொங்கவிடப் போர்வை இல்லையென்றால், ஹேமக்குக்குள் ஃபோம் பாய் விரித்தால் போதும்.

மேலே கட்டும் தார்ப்பாய், தொங்கும் ஹேமக்கின் இரு முனையையும் தாண்டி 20 செ.மீ.யாவது நீண்டிருக்கட்டும். காற்று வரும் பக்கத்தைத் தரையருகே தாழ்த்திக் கட்டுங்கள். நைலான் தார்ப்பாய் நனைந்தால் தொய்யும். படுக்குமுன் மறுபடி இழுத்துக் கட்டுங்கள்.

பலர் மறப்பது இதை: மரத்தில் வழியும் மழைநீர், ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டை (ஸ்ட்ராப்) வழியாக நேரே படுக்கைக்குள் வரும். தார்ப்பாய்க்குக் கீழே, ஹேமக்குக்குச் சற்று முன், பட்டையில் ஒரு பருத்தி நூலைச் சுற்றி இறுக்கி, 15 செ.மீ. தொங்கவிடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும். இரு பக்கமும் தேவை.

பிளாஸ்டிக் ஷீட்டால் ஹேமக்கை முழுக்கச் சுற்றவே சுற்றாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளேயே படிந்து போர்வையை நனைத்துவிடும்.