செய்தியில் 'கோடீஸ்வரர்' என்று வந்தால் எப்படிப் படிப்பது?

தேர்தல் முடிந்ததும் 'புது எம்.பி.க்களில் இத்தனை பேர் கோடீஸ்வரர்கள்' என்று ஒரு தலைப்பு வரும். அதைப் படித்துக் கோபப்படும் முன், அவர்கள் யார் வைத்த அளவுகோலில் கோடீஸ்வரர்கள் என்று பாருங்கள்.

இந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஏ.டி.ஆர். என்கிற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பிடமிருந்து வருகிறது. வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து மதிப்பு ஒரு கோடியோ அதற்கு மேலோ இருந்தால் அவர் கோடீஸ்வரர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். 2009 மக்களவையில் இப்படி 315 பேர், அதாவது 58 சதவீதம். 2024-ல் 504 பேர், 93 சதவீதம். ஆனால் 2009-ல் 10 கிராம் தங்கம் சுமார் 15,000 ரூபாய், 2024 தேர்தல் சமயத்தில் 70,000-ஐத் தாண்டிவிட்டது, நிலத்தின் விலையும் எவ்வளவோ ஏறிவிட்டது, ஒரு கோடி என்ற கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு வெறும் விலைவாசி.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. 2024-ல் ஆந்திராவின் குண்டூரில் ஜெயித்த சந்திரசேகர் பெம்மசானி காட்டிய குடும்பச் சொத்து 5,705 கோடி. ஊரில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் சேர்த்து ஒன்றேகால் கோடி காட்டுபவரும் அதே பட்டியலில்தான் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் உண்மையான பெரும் பணக்காரர் கூட்டத்தில் மறைந்துகொள்கிறார். அதனால் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, 10 கோடிக்கு மேல் எத்தனை பேர், 100 கோடிக்கு மேல் எத்தனை பேர் என்று தேடுங்கள்.

அப்புறம் பிரமாணப் பத்திரத்தையே திறந்து பாருங்கள், தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படிவம் 26 என்று பெயர். கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்பவர்கள் எல்லோருடைய சொத்தும் அதில் உண்டு, சுயமாக வாங்கியது எது, பரம்பரையாக வந்தது எது என்றும் பிரித்திருக்கும். கடன் தனி இடத்தில் இருக்கும். தலைப்பில் வரும் தொகை கடனைக் கழிக்காதது, கழித்துப் பார்த்தால் சிலரின் கதையே மாறிவிடும்.

வெளிநாட்டுச் செய்தி என்றால் மூலத்தில் மில்லியனரா பில்லியனரா என்று பாருங்கள். நம் பத்திரிகைகள் இரண்டையும் கோடீஸ்வரர் என்றே எழுதிவிடுகின்றன. மில்லியன், அதாவது பத்து லட்சம் டாலர் என்றால் எட்டு கோடி ரூபாய்க்கு மேல், பில்லியன், அதாவது நூறு கோடி டாலர் என்றால் எட்டாயிரம் கோடிக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

மத்திய அரசின் 'லட்சாதிபதி அக்கா' (லக்பதி தீதி) திட்டச் செய்தியில் அர்த்தமே வேறு. அங்கே லட்சம் என்பது சொத்து இல்லை, சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்ணின் குடும்ப ஆண்டு வருமானம். மாதத்துக்குப் பிரித்தால் எட்டாயிரத்துச் சொச்சம்தான். அந்தப் பெண்ணின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அவரை லட்சாதிபதி என்று தலைப்பில் போடுகிறவர் இந்தக் கணக்கையும் அடுத்த வரியிலேயே போட வேண்டும் என்கிறேன்.

லாட்டரியில் கோடீஸ்வரர் ஆன செய்தியிலும் கணக்குப் பாருங்கள்: 2022-ல் கேரள ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தபோது, முகவர் கமிஷன் 10 சதவீதம், அதாவது இரண்டரை கோடி போனது. மீதி 22.5 கோடியில் 30 சதவீத வரிப் பிடித்தம் 6.75 கோடி. மிஞ்சியது 15.75 கோடி, கூடுதல் வரியும் செஸ்ஸும் அதிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது.