வண்டி நிகழ்ச்சிக்கு ஆங்கர் தேர்ந்தெடுப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கேபிள் சேனலோ யூடியூபோ, வாரம் ஒரு வண்டி நிகழ்ச்சி தொடங்கலாம் என்று ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேமரா இருக்கிறது, எடிட்டிங் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார், வண்டி கொடுக்க ஷோரூம்காரரும் சம்மதித்துவிட்டார். மாட்டிக்கொள்வது ஆங்கர் விஷயத்தில்தான். பார்க்க லட்சணமாக இருக்கும் ஒருவரைப் பிடித்து, கையில் ஸ்கிரிப்டைக் கொடுத்து, வண்டி பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அவரும் ஷோரூம் நோட்டீசை ஒப்பித்துவிட்டுப் போகிறார். மூன்றாவது வாரம் அவருடைய சொந்தக்காரர்களே பார்ப்பதில்லை.

நீங்கள் தேடவேண்டியது ஒரு ஆளை அல்ல, ஒரு ஜோடியை. ஒரே வண்டியில் உட்கார்ந்தால் தானாகப் பேச்சு பிறக்கிற இரண்டு பேர். தனித்தனியாகப் பார்த்தால் சுமாராகத் தெரிகிறவர்கள்கூட சேர்ந்தால் களைகட்டுவார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

பெரிய நிகழ்ச்சிகளே திணறிய இடம்

பிபிசியின் கார் நிகழ்ச்சியான 'டாப் கியர்' 1977இல் தொடங்கியபோது பர்மிங்காமிலிருந்து வந்த வட்டார நிகழ்ச்சிதான். நம் லோக்கல் சேனல் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் அதைப் புது வடிவத்தில் கொண்டுவந்தபோது ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேசன் டாவே என்று மூன்று பேர். டாவேக்கு செகண்ட் ஹேண்ட் கார் விஷயமெல்லாம் அத்துப்படி. ஆனாலும் ஒரே சீசனில் விலகினார். 2003இல் ஜேம்ஸ் மே வந்தார். அந்த மூவர்தான் 2015 வரை நிகழ்ச்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். விஷயம் தெரிந்தவர் போய், சேர்க்கைக்குப் பொருந்தியவர் வந்தார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

2015இல் கிளார்க்சன் போனதும் மற்ற இருவரும் கூடவே போய்விட்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற கிறிஸ் எவன்ஸ், யார் வேண்டுமானாலும் 30 விநாடி வீடியோ அனுப்பலாம் என்று அறிவித்தார். அந்த வழியில் உள்ளே வந்தவர் ரோரி ரீட். 2016இல் புது சீசன் வந்தபோது எவன்ஸ், ஹாலிவுட் நடிகர் மாட் லெப்ளாங்க், கார் பந்தய வீராங்கனை சபீன் ஷ்மிட்ஸ், எடி ஜோர்டன், கிறிஸ் ஹாரிஸ், ரீட் என்று ஒரு படையே இருந்தது. பார்ப்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது, ஒரே சீசனோடு எவன்ஸ் விலகினார். அடுத்த ஆண்டு லெப்ளாங்க், ஹாரிஸ், ரீட் மூவர் மட்டும் முன்னால் வந்து நின்றார்கள். ஆள் சேர்ப்பதால் சேர்க்கை வந்துவிடாது. நம் பட்ஜெட்டுக்கு இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் அவருக்குச் சாப்பாடும் பெட்ரோலும் வேறு.

படி 1: யாருக்கான நிகழ்ச்சி?

இதை ஒரு வரியில் எழுதி ஒட்டிவையுங்கள். சென்னைக்காரர் எடுக்கும் நிகழ்ச்சியை நாம் இங்கே இன்னொரு தடவை எடுக்க வேண்டியதில்லை. நம் பக்கம் பார்ப்பவர் யார்? பாம்பனிலிருந்து மீன் ஏற்றும் குட்டி யானைக்காரர், வளைகுடாவிலிருந்து லீவில் வந்து செகண்ட் ஹேண்ட் கார் தேடும் கீழக்கரைக்காரர், தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுகிறவர், ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் அக்கா. இவர்களுடைய கவலை உப்புக்காற்றும் துருவும், சீமைக்கருவேல முள்ளும் பஞ்சரும், மைலேஜும் ரீசேல் விலையும். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எத்தனை விநாடியில் என்பது அப்புறம்.

படி 2: எங்கே ஆள் தேடுவது?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அறிவிப்பு போட்டால் ஏற்கெனவே ரீல்ஸ் போடுகிறவர்கள்தான் வருவார்கள். அவர்கள் வரட்டும். கூடவே அறிவிப்பை அச்சடித்து ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ் கடை, டிரைவிங் ஸ்கூல், பெட்ரோல் பங்க் என்று ஒட்டுங்கள். கேபிள் பணம் வசூலிக்க வீடு வீடாகப் போகிற ஆளிடம் சொல்லிவைத்தால், எந்தத் தெருவில் யாருக்கு வாய் நீளம் என்று அவரே சொல்லிவிடுவார்.

என் அனுபவத்தில் நன்றாக வருகிறவர்கள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர்கள். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கிளட்சையும் கியரையும் புரியவைப்பதுதான் அவர்களுக்குத் தினசரி வேலை. தனியார் பஸ் கண்டக்டர்கள், திருவிழாவில் மைக் பிடிக்கிறவர்கள் ஆகியோரையும் விடாதீர்கள்.

பெண்களை வேண்டுமென்றே தேடிப்போய்க் கூப்பிடுங்கள். "நமக்கெல்லாம் எதுக்குங்க" என்று முதலில் ஒதுங்குவார்கள், இரண்டாவது தடவை கேளுங்கள். பத்து வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவர் அதைப் பற்றிப் பேசுவதும், நேற்று ஷோரூமில் தொட்டுப் பார்த்தவர் பேசுவதும் ஒன்றல்ல.

படி 3: 30 விநாடி வீடியோ

டாப் கியர் வைத்த அதே அளவு நமக்கும் சரியாக இருக்கும். நீளமாகக் கேட்டால் ட்ரோன் காட்சியும் பின்னணி இசையும் போட்டு அனுப்புவார்கள். ஒரே டேக், எடிட்டிங் கூடாது, பாட்டு கூடாது என்று சொல்லிவிடுங்கள். தலைப்பையும் நீங்களே கொடுங்கள்: "நீங்கள் ஓட்டும் வண்டியில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லுங்கள்." பிடித்ததைக் கேட்டால் எல்லாரும் விளம்பரம் மாதிரிப் பேசுவார்கள். குறையைக் கேட்டால்தான் சொந்தப் பேச்சு வரும்.

"வணக்கம் நண்பர்களே, வெல்கம் டு..." என்று தொடங்கினால் தள்ளிவிடலாமா? தள்ளினால் யாருமே மிஞ்ச மாட்டார்கள். அந்த ஐந்து விநாடியை விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள்.

படி 4: ஒரே வண்டி, ஒரே கேள்வி

வீடியோவில் தேறியவர்களை நேரில் கூப்பிடுங்கள். ஸ்டுடியோ வேண்டாம், திறந்த வெளி. எல்லாருக்கும் ஒரே வண்டி, அதுவும் பழைய வண்டி. உப்புக்காற்றில் அடிபட்ட மீன் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் வண்டிக்காரர்களுக்கும் ஓட்டம் குறைவு, அப்போது கேட்டால் ஒரு நாள் வண்டியோடு வந்து நிற்பார்கள். வாடகை கொடுத்துவிடுங்கள்.

வண்டியைச் சுற்றி வந்து ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். அப்போது கேட்பதைவிட கவனிப்பதுதான் உங்கள் வேலை. மீன் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பின்பக்கம் வழியாகச் சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருந்தாலும் கீழே தகடு பொரிந்திருக்கும், விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். ஆள் குனிந்து பார்க்கிறாரா, அல்லது பானெட்டில் கை வைத்து கேமராவுக்குப் போஸ் கொடுக்கிறாரா? குனிந்தவர் பெயருக்கு எதிரே ஒரு டிக்.

அடுத்து டயர். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். தெரியவில்லை என்றால் குற்றமில்லை, நீங்களே சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்த பிறகு, பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவருக்கு அதை அவர் எப்படிப் புரியவைக்கிறார் என்பதுதான் பரீட்சை. "சரிங்க ஐயா, உங்க வண்டி டயரைப் பாப்போமா" என்று கையோடு கூட்டிப்போகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிடுகிறவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் வேண்டாம். அவரை நம்பி யாராவது இரண்டு லட்சம் போட்டு வண்டி வாங்கப்போகிறார்.

கடைசியாக வண்டிக்காரரிடம் பேசவிடுங்கள். கீழக்கரையில் "காக்கா (அண்ணே), இது எந்த வருஷ மாடல்?" என்று தொடங்கி, பதில் வரும்வரை பொறுமையாக நிற்கத் தெரிய வேண்டும். பாதிப் பேர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்பன், தனுஷ்கோடி பக்கம் வைத்தால் காலர் மைக்கில் இரைச்சலைத் தவிர ஒன்றும் பதியாது. மைக்குக்கு ரோம உறை போடுங்கள், வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி அதன் மறைவில் ஆளை நிற்க வையுங்கள். காற்றைப் பார்த்துக் கத்தாமல், குரலை ஒரே அளவில் வைத்துப் பேசத் தெரிந்தவர் இந்தக் கரைக்கு ஏற்ற ஆள்.

படி 5: ஜோடி சேர்த்துப் பார்ப்பது

இதற்குத்தான் இவ்வளவு பாடும். தேறிய ஆட்களை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்து, ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வரை ஒரு ஓட்டம் விடுங்கள். டேஷ்போர்டில் கேமராவைப் பொருத்திவிட்டு நீங்கள் பின்சீட்டில் சத்தமில்லாமல் உட்காருங்கள். ஸ்கிரிப்ட் கிடையாது. ஒரே ஒரு தலைப்பு: "இரண்டு லட்சத்துக்குள் பழைய கார், பெட்ரோலா டீசலா?" சண்டை வரவேண்டும் என்றே கொடுக்கும் தலைப்பு இது.

ஒருவர் டீசல் என்றதும் மற்றவர் என்ன செய்கிறார்? "ஆமா ஆமா" என்று தலையாட்டினால் நிகழ்ச்சி தூங்கிவிடும். குரலை உயர்த்தி அமுக்கினால் பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். "அண்ணே, மாசம் முந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுவீங்க, அதுக்கு எதுக்கு டீசல்?" என்று கணக்கைக் கேட்டு மடக்குகிறவரும், மடக்கியதும் சிரித்துவிட்டு "சரி, அப்ப திருச்சிக்கு வாரா வாரம் போறவனுக்கு?" என்று திருப்புகிறவரும் அமைந்தால் வேலை முடிந்தது. சட்டென்று பேச்சு நின்றுபோனால் அந்த மௌனத்தையும் கவனியுங்கள். அதை நிரப்ப இருவரும் தவிக்கிறார்களா, அல்லது பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வர முடிகிறதா?

ஓட்டுகிறவர் கண் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கேமராவைப் பார்த்துப் பேசுவதற்காக ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கிறவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த ஊரில் ஆடு குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

பார்த்து மார்க் போட மூன்று பேர் போதும்: நீங்கள், ஒரு மெக்கானிக், வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர். மூன்றாமவருக்கு எங்கே அலுப்பு தட்டுகிறது என்பது முக்கியம். தகவல் தப்பு என்று மெக்கானிக் சொன்னால் கேளுங்கள். யாரை எடுப்பது என்பதில் அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு இன்னொரு மெக்கானிக்கைத்தான் பிடிக்கும்.

படி 6: மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2015இல் கிளார்க்சனின் ஒப்பந்தத்தை பிபிசி புதுப்பிக்காமல் விட்டதற்குக் காரணம், படப்பிடிப்பு முடிந்த இரவில் சாப்பாடு விஷயமாக வந்த தகராறில் அவர் ஒரு தயாரிப்பாளரைத் தாக்கியது. உச்சி வெயிலில், வியர்வையில், பசியில் ஒரு ஆள் கேமராமேனையும் வண்டி துடைக்கிற பையனையும் எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் நீங்களே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள்.

படி 7: சாகசக்காரரை விலக்குங்கள், பேப்பரைச் சரிபாருங்கள்

"அண்ணே, அரிச்சல்முனையில மணல்ல இறக்கி ஒரு சுத்து சுத்துவோமா?" என்று கேட்கிறவர் ஒருவராவது வருவார். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தபிறகு மணலில் இறங்கவேண்டிய தேவையே இல்லை. ஈர மணலில் சக்கரம் புதைந்தால் அப்புறம் டிராக்டர் தேடி அலைய வேண்டும். பெரிய சேனலுக்கே இது தாங்காது: 2022 டிசம்பரில் டாப் கியர் படப்பிடிப்பில் ஆங்கர் ஆண்ட்ரூ பிளின்டாஃப் விபத்தில் பலத்த காயமடைந்தார், 2023 நவம்பரில் நிகழ்ச்சியையே காலவரையின்றி நிறுத்திவைப்பதாக பிபிசி அறிவித்தது.

லைசென்ஸ் ஒரிஜினலை வாங்கிப் பாருங்கள், எந்த வகை வண்டிக்கு என்பதையும் சேர்த்து. ஓட்டிக்கொண்டே கையில் போனைப் பிடித்து வீடியோ எடுப்பது சட்டப்படி குற்றம், சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் கேமராவுக்கு முன்னால் கட்டாயம். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் யோசனை வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமான தளம் இருப்பதால் ட்ரோன் ஆசையையும், அனுமதி நிலவரம் பார்க்கும்வரை, மூட்டை கட்டி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு எபிசோடுக்கு எவ்வளவு, பெட்ரோல் யார் செலவு, சேனல் பக்கத்தின் பாஸ்வேர்டு யாரிடம் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். ஷோரூமிடம் ஆங்கர் தனியாகப் பணமோ பரிசோ வாங்கக்கூடாது. காசு வாங்கிச் செய்யும் எபிசோடு என்றால் அதைத் திரையிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விளம்பரம் தொடர்பான விதிகளும் அதைத்தான் கேட்கின்றன.

படி 8: முதல் எபிசோடை வெளியிடாதீர்கள்

தேர்ந்தெடுத்த ஜோடியை வைத்து இரண்டு எபிசோடு எடுத்து உங்களுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் முதலாவதைவிடக் குறைவாகப் பேசியிருந்தால் நல்ல அறிகுறி. பிறகு ஆறு எபிசோடுக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள், வருஷக் கணக்கில் வேண்டாம்.

எடுக்காதவர்களுக்கு மெசேஜ் அனுப்பாமல் போன் பண்ணிச் சொல்லுங்கள். ஊரில் நாளைக்கு அவர் கடைக்குத்தான் ஆயில் மாற்றப் போவீர்கள். நம்பரையும் அழிக்க வேண்டாம், ஆறாவது எபிசோடுக்குப் பிறகு ஜோடியில் ஒருவரை மாற்ற வேண்டி வந்தால் முதலில் கூப்பிட வேண்டியது அந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான்.