கடலூர்ப் பக்கம் குடும்பத்தோடு ஒரு நாள்: விதையை ஊரில் ஊன்றுங்கள், வேரைக் கொண்டுபோங்கள்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்தால் முதல் வாரம் சொந்தக்காரர் வீடு, அடுத்த வாரம் கோயில், மிச்சம் துணிக்கடை என்று நாள் கரைந்துவிடுகிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு இருக்கிறது என்றால் அதில் ஒரு முழு நாளை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள், தாத்தா, ஆயா எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போடாதீர்கள், வயதானவர்களுக்கும் ஆகாது, நம் வெயில் பழகாத பிள்ளைகளுக்கும் ஆகாது.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இடம். லண்டன், டொராண்டோவிலிருந்து பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் இறங்குபவர்களுக்குப் பண்ருட்டி. பலா வரத்து ஜூலை போகப் போகக் குறைந்துவிடும், அதனால் வந்த வாரமே போய்விடுங்கள். சிட்னி, மெல்போர்னிலிருந்து டிசம்பரில் வருபவர்களுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடும், புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரியும். ஏரிக்கு வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஆனால் அது மழைக்காலத்தின் வால், வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்துப் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. கடலூர்க்காரர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

பிச்சாவரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சிதம்பரத்திலிருந்து அரைமணி நேரப் பயணம். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். அதுதான் கிளைகள் தலையில் உரசுகிற குறுகலான வாய்க்காலுக்குள் போகும், சத்தமும் இருக்காது. சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து வந்து சேற்றில் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அப்புறம் மேலே நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு அப்படியே மரமாகும். 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காடு தனக்குப் பின்னாலிருந்த கிராமங்களில் அலையின் வேகத்தைத் தணித்ததையும் சொல்லுங்கள். சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லையும் இங்கேதான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் யாரும் எந்த இலையையும் கிள்ளக் கூடாது என்று படகில் ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்திலேயே பழத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். முழுப் பழம் வாங்குங்கள், சுளையாக வாங்கினால் பாதி அனுபவம் போய்விடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பிளக்கிற வேலையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கொட்டையில் பாதி குழம்புக்கு, மீதியைக் கழுவி அன்றைக்கோ மறுநாளோ கொல்லையில் ஊன்றிவிடுங்கள். பலாக்கொட்டை காய்ந்துபோனால் முளைக்காது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலோரம் வைத்தால் வீண்தான். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற மரம் என்பதால் தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நேரடியாகத் தரையிலேயே போடுவது நல்லது. ஆளுக்கு ஒரு குழி என்று பிள்ளைகளையே தோண்டச் சொல்லுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் வீடியோ காலில் "ஆயா, என் மரம் முளைச்சிடுச்சா?" என்று அவர்களாகவே கேட்பார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விழிக்கிற நிலை மாறிவிடும்.

சரி, எடுத்துப்போவதற்கு என்ன? வெட்டிவேர். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்துக் கடலோர மணலில் விளைகிறது. மணல் போகக் கழுவி நிழலில் உலர்த்திய வேராகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிடியைத் துணியில் கட்டிக் குடிநீர்ப் பானையில் போட்டால் போதும், தண்ணீரே மணக்கும். வாசனை குறையும்போது எடுத்து உலர்த்தித் திரும்பப் போடலாம். அலமாரியில் துணிகளுக்கு நடுவிலும் ஒரு சின்ன முடிச்சு வையுங்கள்.

மண், செடி, பச்சை விதை எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. மயில் பீலியும் பவளமும் வேண்டாம், அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. தோப்பில் நடந்த செருப்பின் அடியில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதைக்கூடப் பார்ப்பார்கள். வெட்டிவேரையும் காய்ந்த வேர்தானே என்று விட்டுவிடாமல் வருகை அட்டையில் எழுதுங்கள். அதிகாரி வேண்டாம் என்றால் கொடுத்துவிடுங்கள், எழுதாமல் மாட்டினால்தான் அபராதம். அந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் புதுச்சேரி வில்லியனூரில் சுடுமண் பொம்மை வாங்கலாம், ஊசுட்டேரிக்குப் போகிற நாளிலேயே பார்த்துவிட முடியும். சின்னதாக வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் உடைந்துதான் வந்து சேரும்.