சிவந்துபோன சுற்றுலாப் படத்திலிருந்து கடலை வரைவது

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து இறக்கும் ஆல்பங்களில் பெரும்பாலும் ஒரு கன்னியாகுமரிப் படமாவது இருக்கும். அதை வைத்து வாட்டர் கலரில் நிலக்காட்சி வரைய விரும்புவோர், பழைய புகைப்படத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை நம்பலாம். நிறத்தை நம்பக் கூடாது.

அந்தக் கால வண்ணப் படங்களில் மூன்று சாயங்கள் உண்டு. வெளிச்சமே படாமல் மூடி வைத்திருந்தாலும் பல படங்களில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டுக்கும் முன்பாக மங்கிவிடுவதால், படம் முழுவதும் செம்மையேறிக் கடல் ஊதாவாகத் தெரிகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய, வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். தாத்தாவின் வேட்டி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதே சாயல் மணலிலும் வானத்திலும் கலந்திருக்கிறது என்று கொண்டு, அதைக் கழித்தே வண்ணம் கலக்க வேண்டும்.

ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். நேர்வெயில் விழாத ஜன்னலோரத்தில் வைத்துக் கைப்பேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி அச்சிட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம், நடுநிழல், இருள் ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் வண்ணப் பிரதியைவிட இதுவே நம்பகமானது. நான்குக்கு ஆறு அங்குலப் பிரதியில் அரை அங்குலக் கட்டங்களும், 12க்கு 18 அங்குலத் தாளில் ஒன்றரை அங்குலக் கட்டங்களும் போட்டால் விகிதம் பிசகாது. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிடும்.

சுற்றுலாப் படங்களின் தொல்லை, குடும்பமே நடுவில் நின்று பாதிக் காட்சியை மறைப்பதுதான். அவர்களைச் சிறிதாக்கிப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. நின்றபடி எடுத்த படத்தில் கடலின் தொடுவானம், எடுத்தவரின் கண்மட்டத்தில் இருக்கும்; ஆகவே அதே சமதரையில் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்பவர்களை எவ்வளவு தொலைவில் வரைந்தாலும், அவர்களுடைய கண்கள் அந்தக் கோட்டை ஒட்டியே வர வேண்டும். இது தவறினால் மனிதர்கள் மண்ணில் புதைந்தவர்கள் போலவோ மிதப்பவர்கள் போலவோ தெரிவார்கள்.

வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்றுதான் திறக்கப்பட்டது. எண்பதுகளில் எடுத்த படத்தில் அது இல்லையே என்று கை பரபரக்கும். சேர்த்துவிட்டால் பாட்டியின் புடவை ஒரு காலத்திலும் பின்னணி வேறொரு காலத்திலும் நிற்கும்.

அடுத்தது நிழல். புகைப்படம் நிழலைக் கரியாக்கி உள்ளே இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும். அதை அப்படியே வரைவதற்குமுன் ஒரு காலைப்பொழுது காசிமேட்டுக்குப் போய், படகின் நிழல் விழும் பக்கத்தைக் கவனியுங்கள். சூரியன் கடல் பக்கம் இருக்கும்போது நம்மை நோக்கிய பக்கம் இருண்டிருக்கும். ஆனாலும் அடிப்பலகையருகே தண்ணீரின் வெளிச்சம் பட்டு, மேற்பகுதியைவிடச் சற்று வெளிறியிருக்கும். பாறை நிழலையும் அவ்வாறே, டியூபில் வரும் கறுப்பைத் தொடாமல், அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து போடலாம். நீலம் கூடினால் குளிர்ந்த நிழலும், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான நிழலும் கிடைக்கும்.

வானம், கடல், பாறை என்ற வரிசையில், வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குச் செல்லுங்கள். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியின் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகவே காயும். பளபளப்புப் போனதும் காய்ந்துவிட்டது என்று எண்ணாமல், தாளின் ஓரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். சட்டம் போடக் கொடுக்கும்போது, கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடையே மவுண்ட் அட்டை, அதாவது ஓவியம் தெரியும்படி நடுவில் வெட்டிய கனத்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கக்கூடும்.